சிரிக்கிற மாட்டுக்கு ஓர் ஆணி

சென்னையில் ஓவியக்கூடம் நடத்துகிறவர்களுக்கும், எந்தப் படம் சுவரேறலாம், எது ஏறக்கூடாது என்று உட்கார்ந்து முடிவுசெய்கிறவர்களுக்கும்,



உங்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். தெரிந்தாலும், ‘அந்த நரி, காக்கா வரையற ஆளு’ என்றுதான் தெரிந்திருக்கும். தப்பில்லை. இருபத்தெட்டு வருடமாகச் சிறுவர் இதழ்களுக்கும் கதைப் புத்தகங்களுக்கும் மிருகம் வரைந்துதான் வீட்டு வாடகை கொடுக்கிறேன். பல்வலி வந்த முதலை, கண்ணாடியைத் தொலைத்த ஆந்தை, வீட்டை முதுகில் வைத்துக்கொண்டே வாடகை வீடு தேடும் நத்தை என்று ஆயிரம் உருப்படியாவது என் கையிலிருந்து போயிருக்கும். இந்தக் கடிதம் அவற்றைப் பற்றியதல்ல. ஒரு மாட்டைப் பற்றியது.

எங்கள் தெருமுனையில் நீளமான ஒரு மதிற்சுவர் உண்டு. தேர்தல் வந்துவிட்டால் ஒரே இரவில் அதற்குப் புதுத்தோல் முளைத்துவிடும். சுவரொட்டி ஒட்டுகிற பையன்கள் மைதாவைக் காய்ச்சிப் பசை செய்து வாளியில் கொண்டுவருவார்கள். தலைவர்களுக்கு அது பசை. தெரு மாடுகளுக்கு அது கூழ். விடிகாலையில் ஒரு செவலைப் பசு வந்து, நாவால் ஓரத்தை ஈரமாக்கி, பல்லில் பிடித்து, ஒரே இழுப்பில் ஒரு வேட்பாளரைக் கிழித்துத் தின்னும். ஒருநாள் நான் பார்த்தபோது அது பாதி வேலையில் இருந்தது. தலைவரின் நெற்றியும் கண்ணும் உள்ளே போய்விட்டன. மிச்சமிருந்த புன்னகை சரியாக மாட்டின் வாய்க்கு மேல் பொருந்தி நின்றது. கூப்பிய இரண்டு கைகள் அதன் தாடைக்குக் கீழே. மாடே வீடு வீடாக வந்து ஓட்டுக் கேட்பதுபோல் இருந்தது.

நாலடிக்கு மூன்றடி கேன்வாஸில் அதை அக்ரிலிக்கில் வரைந்தேன். பத்திரிகை வேலையென்றால் ஒரு நாளில் முடிகிற விஷயம். இதற்கு நான்கு மாதமானது. பசை காய்ந்த காகிதத்தின் சுருக்கம் ஒரு மாதிரி, பசுவின் கழுத்து மடிப்பு வேறு மாதிரி. இரண்டும் ஒன்றையொன்று தொடுகிற இடத்தில் எது தோல், எது தாள் என்று கண் ஒரு கணம் தடுமாற வேண்டும். அதற்குத்தான் அத்தனை மாதம்.

படத்தை எடுத்துக்கொண்டு உங்களில் ஒருவரிடம் வந்தேன். பெயர் வேண்டாம், நல்ல மனிதர், காபி கொடுத்தார். படத்தைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார். நான் மகிழ்ந்தேன். சிரித்து முடித்து, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “பிரமாதம் சார். ஆனா இது இல்லஸ்ட்ரேஷன்.” பிறகு, என்னைக் கைவிட மனமில்லாமல், ஒரு வழியும் காட்டினார். மாடு ஜனநாயகத்தை அசைபோடுகிறது என்கிற மாதிரி ஒரு கான்செப்ட் நோட் எழுதிக் கொடுத்தால் குழுவின் முன்னால் வைக்கலாமாம். “அதுக்குப் பசி சார், அவ்வளவுதான்” என்றேன். “அப்ப கஷ்டம்” என்றார்.

ஒரு படம் சுவரேறாததற்கா இத்தனை நீளக் கடிதம் என்று கேட்பீர்கள். படங்கள் திரும்பி வருவது எனக்குப் பழகிய விஷயம். என் வீட்டுப் பரணைக் கேட்டால் சொல்லும். என்னை உறுத்தியது வேறு. அந்த மனிதர் சிரித்தார். அந்தச் சிரிப்பையே படத்துக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொண்டார். அவர் முகம் சுளித்திருந்தாலோ குழம்பி நின்றிருந்தாலோ, என் மாடு இப்போது ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

மிருகங்களே உங்களுக்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஹுசைனின் குதிரைகளுக்கு நீங்கள் கதவை அகலத் திறந்தீர்கள். தையப் மேத்தாவின் கால் கட்டப்பட்ட காளைக்கும் அப்படியே. அவர் பம்பாய் பாந்த்ரா அறுப்புக்கூடத்தில் கண்ட காளை அது. 1970-ல் அவர் எடுத்த குறும்படத்திலும் அந்த அறுப்புக்கூடம் வருகிறது. அந்தப் படத்துக்கு அவர் வைத்த பெயர் ‘கூடல்’ என்பதில் நமக்கு ஒரு சின்னச் சந்தோஷம். அவை மகத்தான ஓவியங்கள், அதில் தகராறில்லை. ஆனால் உங்கள் சுவர்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் எழுதாத ஒரு சட்டம் கண்ணில் படுகிறது. குதிரை பாயலாம். காளை வதைபடலாம். யானை எதற்காவது குறியீடாக நிற்கலாம். சொறிந்துகொள்கிற, திருடித் தின்கிற, இன்னொரு மிருகத்தை ஏமாற்றுகிற மிருகத்துக்குத்தான் அனுமதி கிடையாது. (வரவேற்பறைகளில் கிழக்குச் சுவரா தெற்குச் சுவரா என்று வாஸ்து பார்த்து மாட்டுகிற ஏழு குதிரைகளை இங்கே சேர்க்கவில்லை. அவை ஓவியமல்ல, தளவாடம்.)

இந்தச் சட்டம் இந்த மண்ணில் எப்போது வந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஏனென்றால் இங்கேயிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் அதற்கு நேர் எதிரான தீர்ப்பைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையை நீங்கள் அனைவரும் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டு விருந்தினர் வந்தால் நீங்களே அழைத்துப் போவீர்கள். அது அர்ச்சுனனா, பகீரதனா என்று அறிஞர்களிடையே வழக்கு இன்னும் ஓடுகிறது. ஏழாம் நூற்றாண்டு, பல்லவ அரசின் வேலை, தேவர், கந்தருவர், நாகர், யானைக் கூட்டம் என்று ஒரு பிரபஞ்சமே கங்கை இறங்குகிற பிளவை நோக்கித் திரும்பி நிற்கிறது. ஒற்றைக் காலில் நின்று, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, எலும்பு துருத்த ஒரு தபசி. அரசன் கொடுத்த வேலை, இதைவிடக் கனமான ஒரு கருப்பொருள் கிடையாது.

அந்தப் பாறையிலேயே, யானைகளின் பக்கமாக, கீழே ஒரு பூனை நிற்கிறது. பின்னங்காலில் எழுந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, அதே தபசியின் அதே கோலத்தில். அதைச் சுற்றி எலிகள். கதை மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் இருக்கிறது. கங்கைக் கரையில் கையைத் தூக்கித் தவம் செய்வதாக நடித்து, நம்பி வந்த எலிகளைத் தினம் தின்று கொழுத்த பூனை. போருக்கு முன்னால் தருமரைச் சீண்டுவதற்காகத் துரியோதனன் தூதன் உலூகனிடம் சொல்லியனுப்பும் கதை. நம் ஊரில் அந்தப் பூனையின் கழுத்தில் ஒரு மாலையையும் போட்டு ‘ருத்திராட்சப் பூனை’ என்று அன்றாடப் பேச்சுக்கே கொண்டுவந்துவிட்டோம்.

அந்தச் சிற்பி செய்ததை ஒரு தொழில்காரனாகக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கிறேன். பூனையைத் தனியாக ஒரு மூலையில் அவன் ஒளித்து வைக்கவில்லை. தபசியின் உருவத்தைப் பூனையின் உடம்பில் திரும்பச் செதுக்கியிருக்கிறான். அவர் தபசி, இது பூனை. கை தூக்கிய கோணம் மட்டும் ஒன்றே. அதாவது அந்தப் பாறையின் மிகப் புனிதமான உருவத்தைப் பார்த்தே ஒரு நையாண்டி, அதே பாறையில், அதே உளியால், அதே அரசனின் செலவில். யாரும் வந்து, ‘பிரமாதம் ஸ்தபதி, ஆனால் இது இல்லஸ்ட்ரேஷன்’ என்று சொன்னதாகத் தெரியவில்லை. சொல்லியிருந்தால் பூனை இருக்காது, பூனை இருக்கிறது.

அதோடு விட்டார்களா? பிளவுக்கு இடப்புறம் கீழே ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கிறது. தேவர்கள் கூடி நிற்கும் அவையில் அதற்கு மூக்கு அரித்திருக்கிறது. தனிக் கல்லில் செதுக்கிய குரங்குக் குடும்பம் ஒன்றும் மாமல்லையில் உண்டு: தாய் குட்டிக்குப் பால் கொடுக்கிறாள், பின்னால் உட்கார்ந்து இன்னொன்று அவளுக்குப் பேன் பார்க்கிறது. தபசும் இல்லை, குறியீடும் இல்லை. ஒரு மதியப் பொழுது, அவ்வளவுதான். ஐந்நூறு வருடம் கழித்துத் தாராசுரத்தில் காளையின் தலையையும் யானையின் தலையையும் ஒன்றோடொன்று பிணைத்து, இந்தப் பக்கம் மறைத்தால் காளை, அந்தப் பக்கம் மறைத்தால் யானை என்று ஒரு சோழச் சிற்பி கண்கட்டு வித்தை காட்டினான். கைடுகள் இன்றும் உள்ளங்கையால் பாதியை மூடித்தான் அதைக் காட்டுகிறார்கள். பார்க்கிறவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு மறுபடி பார்க்கிறார்கள். அந்த ‘மறுபடி’தான் எனக்கு முக்கியம். கொஞ்சம் பொறுங்கள், அதற்கு வருகிறேன்.

ருத்திராட்சப் பூனைக்கு வடக்கே ஒரு ஒன்றுவிட்ட தம்பி இருக்கிறது. கல்கத்தாவில் காளிகட்டக் கோயிலைச் சுற்றிக் கடை போட்டிருந்த பட்டுவா ஓவியர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வரைந்த பூனை. நெற்றியில் வைணவ நாமம், வாயில் மீனோ இறாலோ. சைவம் என்று சொல்லிக்கொண்டு மீன் தின்னும் சாமியார்களைக் கிண்டலடித்த படம். மில் காகிதத்தில் நாலு வீச்சில் வரைந்து, யாத்திரை வந்தவர்களிடம் சில்லறைக் காசுக்கு விற்றார்கள். அன்றைய கல்கத்தா கனவான்கள் அதைச் சந்தைச் சரக்கு என்றார்கள். ருட்யார்ட் கிப்ளிங்கின் அப்பா லாக்வுட் அவற்றைப் பொறுக்கிச் சேர்த்து வைத்திருந்தார். மகன் 1917-ல் அவற்றை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துக்குக் கொடுத்தார். காளிகட்டப் படங்களின் ஆகப்பெரிய சேகரம் இன்று அங்கேதான். பிறகு ஜாமினி ராய் அந்தப் பட்டுவாக்களிடம் போய்க் கோடு கற்றார். இறாலைப் பங்கு போடும் பூனைகளை அவரும் வரைந்தார். இன்று ஜாமினி ராயின் படங்கள் தேசியச் செல்வம். நாட்டை விட்டு வெளியே எடுத்துப் போகச் சட்டம் அனுமதிக்காது.

நீங்கள் நடத்தும் ஏலத்துக்கு ஒரு காளிகட்டப் பூனை வந்தால் வெள்ளைக் கையுறை போட்டுத்தான் தொடுவீர்கள். நியாயம்தான். ஆனால் அந்தப் பூனையை வரைந்தவனே இன்று காலை ஒரு சுருள் காகிதத்தோடு உங்கள் வரவேற்பறைக்கு வந்தால்? காபி கிடைக்கும். நூற்றைம்பது வருடம் கழித்து வரச் சொல்வீர்கள்.

வயது ஒரு சலுகை என்றால், புகழ் இன்னொன்று. ரவீந்திரநாத் தாகூரை எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் பிரதியில் வரிகளை அடிப்பார். அடித்தது அசிங்கமாக இருக்கிறதே என்று அந்தக் கிறுக்கல்களை ஒன்றோடொன்று இணைப்பார். பார்த்தால் அங்கே ஒரு மூக்கு நீண்ட ஜந்து உட்கார்ந்திருக்கும். இந்த உலகத்தில் எங்கும் இல்லாத, இருந்திருக்கலாமே என்று தோன்றுகிற பறவை, பல்லி, ஓநாய். அறுபது வயதுக்கு மேல் அப்படித் தொடங்கி இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் வரைந்தார். முதல் கண்காட்சி 1930-ல் பாரீஸில், பிகால் கூடத்தில். அடித்தல் திருத்தலில் பிறந்த அந்த ஜந்துக்கள் நோபல் பரிசு வாங்கிய தாடிக்காரரின் கையிலிருந்து வந்ததால் ‘ஆழ்மனம்’ என்று பெயர் பெற்றன. அவை உண்மையில் நல்ல படங்கள். அவற்றில் சில வேடிக்கையானவை என்பதைச் சொல்ல மட்டும் எவருக்கும் வாய் வரவில்லை.

மூன்றாவது சலுகையைச் சொல்லவே வேண்டாம். ஜெஃப் கூன்ஸ் 1986-ல் செய்த எஃகு முயல், ஊதிய பலூன் பொம்மை மாதிரி ஒரு முயல், 2019-ல் நியூயார்க் ஏலத்தில் 9 கோடி டாலரைத் தாண்டியது. உயிரோடிருக்கும் கலைஞர் ஒருவரின் படைப்புக்கு அதுவரை அவ்வளவு விலை போனதில்லை. பில்பாவ் கூகன்ஹைம் மியூசியத்தின் வாசலில் அவருடைய பூச்செடி நாய்க்குட்டி 12 மீட்டர் உயரத்துக்கு உட்கார்ந்திருக்கிறது. முயலும் நாய்க்குட்டியும் கூடாது என்பதல்ல விதி. சின்னதாக, மலிவாக இருக்கக்கூடாது என்பதுதான் விதி போலிருக்கிறது.

சரி, அந்தச் சொல்லுக்கு வருவோம். இல்லஸ்ட்ரேஷன். எங்கள் தொழிலின் பெயரை நீங்கள் ஒரு நோயின் பெயரைப் போல, குரலைத் தாழ்த்திச் சொல்கிறீர்கள்.

எழும்பூருக்குப் பக்கத்தில் உள்ள நம் கலைக் கல்லூரியை எண்ணிப் பாருங்கள். தேவிபிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த நாட்களில், 1940-களில், அங்கே படித்தவர் கே.சி. சிவசங்கரன். அதே பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகிப் பின்னால் முதல்வராகவும் ஆனவர் கே.சி.எஸ். பணிக்கர். பணிக்கர் 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். அவர் பெயர் இந்திய நவீன ஓவிய வரலாற்றில் இருக்கிறது, இருக்க வேண்டும். சிவசங்கரன் அம்புலிமாமா இதழுக்குப் போனார். அவர்தான் நாம் அறிந்த ‘சங்கர்’. விக்கிரமாதித்தன் வாளேந்தி நடக்க, தோளில் வேதாளம் தொங்கும் அந்தப் படத்தை நீங்கள் சிறுவயதில் பார்த்திராமல் இருக்க முடியாது. அவருடைய குதிரைகளின் கழுத்துத் திருப்பத்தை, நரிகளின் ஓரப்பார்வையை நான் பள்ளிக்கூட நோட்டில் பார்த்து வரைந்திருக்கிறேன். எனக்கு ஓவியக் கல்லூரி அதுதான். 2020-ல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு, மறைவுக்குப் பின், பத்மஸ்ரீ வந்தது. ஒரே பள்ளிக்கூடத்து வாசலிலிருந்து ஒரு தெரு சுவருக்குப் போனது, இன்னொரு தெரு அச்சுக்கூடத்துக்குப் போனது. அச்சுக்கூடத்துத் தெருவில் போனவரின் கையை யாராவது குறைத்து மதிப்பிட்டால், அம்புலிமாமாவின் ஒரு பழைய பக்கத்தைப் பூதக்கண்ணாடியோடு ஐந்து நிமிடம் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு ஆள். மத்தியப் பிரதேசத்துப் பாடன்கர் கிராமத்துப் பர்தான் கோண்டு ஓவியர் பஜ்ஜு ஷ்யாம். போபாலில் ராத்திரிக் காவலாளியாகவும் எலக்ட்ரீஷியனாகவும் வேலை பார்த்தவர். சித்தப்பா முறையுள்ள ஜங்கட் சிங் ஷ்யாமிடம் உதவியாளராகச் சேர்ந்து தூரிகை பிடித்தார். லண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவர்களில் வரைய அழைத்தார்கள். இரண்டு மாதம் இருந்தார். திரும்பி வந்து, கண்டதையெல்லாம் மிருகமாக வரைந்தார். விமானம் அவருக்குச் சிறகு முளைத்த யானை: இத்தனை கனம் எப்படிப் பறக்கிறது என்கிற வியப்பு. பிக் பென் கடிகாரம் சேவல். ஊரில் நேரம் சொல்வது அதுதானே. தரைக்கடியில் ஓடும் ரயில் மண்புழு. தினமும் தவறாமல் வந்து வீட்டில் கொண்டு சேர்த்த பேருந்து, நன்றியுள்ள நாய். இருட்டினால் வெளியே வந்து மது அருந்தும் லண்டன்காரர்கள் வௌவால்கள்.

‘தி லண்டன் ஜங்கிள் புக்’ என்ற பெயரில் 2004-ல் அதைப் புத்தகமாகப் போட்டது நம் சென்னையின் தாரா பதிப்பகம். கிப்ளிங் நம் காட்டை எழுதினாரில்லையா, இவர் அவர்கள் காட்டை வரைந்துவிட்டார். காலனியம் பற்றி எத்தனையோ கான்செப்ட் நோட்டுகள் உங்கள் சுவர்களில் படித்திருக்கிறேன்; அந்தச் சேவல் கடிகாரம் அளவுக்கு ஒன்றும் எனக்கு விளங்கவைத்ததில்லை. ஆனால் அது முதலில் இடம்பிடித்தது உங்கள் சுவரில் அல்ல, ஒரு புத்தகப் பக்கத்தில். கோண்டு ஓவியங்களுக்கே வெகுகாலம் நீங்கள் கைவினைக் கடையைத்தான் கைகாட்டினீர்கள். ஜங்கட்டின் படங்கள் 1989-லேயே பாரீஸின் பாம்பிடு மையம் நடத்திய பெருங்கண்காட்சிக்குப் போய்விட்டன என்பதையும் நினைவூட்டுகிறேன்.

இனி உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் என் கையே என்னைத் திட்டும். வேடிக்கையான மிருகப் படங்களில் பெரும்பகுதி குப்பை. கண்ணிமை நீண்ட பூனைக்குட்டி, மூக்குக்கண்ணாடி போட்ட எலி, இதயம் ஏந்திய கரடி, காலை வணக்கம் சொல்லும் அணில். அவற்றைச் செய்தவர்கள் பூனையையும் எலியையும் பார்த்ததே இல்லை. வேறு படத்தில் உள்ள பூனையைத்தான் பார்த்திருக்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன். அச்சுக்குப் போகிற இரவு பத்து மணிக்கு ‘ஒரு சிரிக்கிற ஆமை வேணும்’ என்றால், ஆமையின் முகத்தில் மனிதச் சிரிப்பை ஒட்டிக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறேன். ஆமைக்கு உதடே கிடையாது. அது சிரிக்க வேண்டுமென்றால் கழுத்தில்தான் சிரிக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு இன்னும் பத்து வருடமாயிற்று.

அமெரிக்கர் கூலிட்ஜ் 1903-லிருந்து ஒரு காலண்டர் கம்பெனிக்காக வரைந்த சீட்டாடும் நாய்களையும் இங்கேதான் வைப்பேன். அவற்றில் இரண்டு 2005-ல் 5,90,400 டாலருக்கு விலை போயின, போகட்டும். அந்த நாய்கள் நாய்த்தலை மாட்டிய கணக்குப்பிள்ளைகள். ஒன்றுக்காவது சீட்டை முகர்ந்து பார்க்கத் தோன்றியிருக்கிறதா?

எனவே, சிரிப்பு வருகிறதெல்லாம் ஓவியம் என்று நான் வாதாடவில்லை. வேறுபாடு இருக்கிறது, அதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை, அந்த வேலையை நீங்கள் செய்வதில்லை என்பதுதான் என் மனத்தாங்கல். சிரித்த மாத்திரத்தில் கோப்பை மூடிவிடுகிறீர்கள். தாராசுரத்துக் காளை-யானையைப் பார்த்துச் சிரித்தவர்கள் மறுபடி பார்க்கிறார்கள் என்றேனே, அந்த இரண்டாவது பார்வையில் என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. கூலிட்ஜின் நாயிடம் இரண்டாவது பார்வைக்கு ஒன்றுமில்லை. மாமல்லைப் பூனையிடம் உண்டு: அது நடிப்பது தெரிகிறது, நடிக்கும்போதும் பூனையாகவே இருப்பது தெரிகிறது. பூனையை வருடக்கணக்கில் கவனித்தவன்தான் அதை அப்படிப் பொய் சொல்ல வைக்க முடியும். ஒரு மிருகத்தைச் சோகமாக வரைவது எளிது. தலையைக் குனிய வைத்தால் போதும். அதன் குறும்பை வரைய, அது எங்கே எடையைச் சாய்க்கிறது, திருடுவதற்கு முன்னால் எந்தக் காது திரும்புகிறது என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

விற்காது என்பீர்கள். லட்சம் கொடுத்து வாங்குகிறவர் விருந்தாளிகள் முன்னால் சிரித்துவிடுவோமோ என்று பயப்படுவார் என்பீர்கள். இருக்கலாம். ஆனால் விற்காது என்று தெரிந்தே மூன்று அறைகளை இருட்டாக்கி, நாற்பது நிமிடம் ஒரு குழாய் சொட்டுகிற வீடியோவைப் போட்டீர்களே! கௌரவத்துக்காக நஷ்டப்படுவது உங்களுக்குப் புதிதல்ல. ஒருமுறை சந்தோஷத்துக்காகவும் நஷ்டப்பட்டுப் பாருங்கள் என்கிறேன்.

அல்லது நஷ்டமே வராமலும் போகலாம். ஜப்பானில் கியோட்டோவின் கோஸான்-ஜி ஆலயத்துக்குச் சொந்தமான நான்கு சுருள்கள் உண்டு. பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டு. வெறும் மை, வண்ணமில்லை. முதல் சுருளில் தவளையும் முயலும் மல்யுத்தம் செய்கின்றன. குரங்கு ஒன்று பிக்குவாகி மந்திரம் ஓத, பீடத்தில் புத்தராக வீற்றிருப்பது ஒரு தவளை. புத்த ஆலயத்திலேயே! அது அந்நாட்டின் தேசியப் பொக்கிஷம். 2021-ல் டோக்கியோ தேசிய மியூசியம் நான்கையும் முழுசாக விரித்து வைத்தபோது, முதல் சுருளின் முன்னால் விமான நிலையத்தில் இருப்பதுபோல் ஒரு நகரும் நடைமேடை போட்டார்கள். கூட்டம் ஓரிடத்திலேயே நின்றுவிடக் கூடாதே என்று. தவளைகள் முன்னால் ஒரு தேசம் வரிசையில் நின்று மெல்ல நகர்கிறது. ‘எங்களிடம் அவ்வளவு பழசு இல்லையே’ என்று சொல்லிவிடாதீர்கள். மாமல்லையின் பூனை அந்தத் தவளைக்கு ஐந்நூறு வருடம் மூத்தது.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த முறை ஒரு படம் உங்களைச் சிரிக்க வைத்தால், சிரித்து முடித்தபின் இன்னும் ஐந்து நிமிடம் அதன் முன்னால் நில்லுங்கள். அதற்குள் படம் தீர்ந்துபோனால் தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள். நானே ஆட்டோ பிடித்து வந்து எடுத்துக்கொள்கிறேன். தீரவில்லையென்றால் நோட் கேட்காமல் மாட்டுங்கள். முடிந்தால் வழக்கமான உயரத்திலிருந்து ஒன்றரை அடி இறக்கி மாட்டுங்கள். உங்கள் கூடத்துக்குக் குழந்தைகள் வருவதில்லை என்று குறைப்படுகிறீர்கள், வந்தால் அவர்கள் கண்ணுக்கு எதிரே இருப்பது சுவிட்ச் பெட்டிதான்.

என் மாடு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் பகுதிக் கால்நடை மருத்துவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுத் தம் கிளினிக்கில் மாட்டக் கேட்டார். மருந்து அலமாரிக்கும் எடை பார்க்கும் மேடைக்கும் நடுவில், ஒரு ஆணியில் தொங்குகிறது. ஊசிக்குப் பயந்த நாய்களும் அவற்றைவிடப் பயந்த அவற்றின் சொந்தக்காரர்களும் அதன் கீழே உட்கார்ந்திருப்பார்கள். சிரிக்கிறார்கள், செல்லில் படம் எடுத்துக்கொள்கிறார்கள், பெயர் கூப்பிட்டதும் எழுந்து போய்விடுகிறார்கள்.

போன வாரம் நான் அங்கே இருந்தபோது, ஒரு கன்றுக்கு மருந்து வாங்க வந்த அம்மா படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். முதலில் சிரித்தார், தலைவரின் பல்லைக் கண்டுபிடித்து இன்னொரு தடவை சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. கிட்டே போய், கேன்வாஸைத் தொடாமல், ஒரு விரலால் பசுவின் இடது காதைக் காட்டினார். அந்தச் செவலைப் பசுவுக்கு இடது காதின் ஓரம் கிழிந்திருக்கும், இருந்தபடி வரைந்திருந்தேன். உங்கள் கூடத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே பார்த்த படம் அது.

“இன்சூரன்சுக்கு வில்லை மாட்டுனாங்களே, அது எதுலயோ மாட்டிக்கிட்டுப் பிச்சுக்கிச்சா?” என்று கேட்டார். “மருந்து போட்டீங்களா அதுக்கு?”

இப்படிக்கு,
நரி, காக்கா வரைகிறவன்